ஐந்து மூலைச் சதுரம்: பூ கிரானி ஸ்கொயர் செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு தினமும் பஸ்ஸில் போய் மூன்று மாதக் கைவினைச் சான்றிதழ் வகுப்பு முடித்தவள் நான். குரோஷா, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், செய்முறைத் தேர்வில் முதல் தடவை தோற்றேன், இரண்டாம் தடவை தேறினேன். இப்போது அடுத்த பேட்ச் தங்கை ஒருத்தி, "அக்கா, எதைப் பழகணும், என்ன கேப்பாங்க?" என்று நச்சரிக்கிறாள். குரல் பதிவு அனுப்பி அனுப்பித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவட்டும்.

எங்களுக்கு வைத்த தேர்வு இதுதான். இரண்டு மணி நேரத்தில் நடுவில் பூ வைத்த ஒரு கிரானி ஸ்கொயர் (நடுவிலிருந்து சுற்று சுற்றாகப் பின்னும் சதுரத் துண்டு) பின்ன வேண்டும். ஓரம் 6 அங்குலம், அரை அங்குலம் முன்னே பின்னே இருக்கலாம். குறைந்தது மூன்று நிறம் வேண்டும். ஊசியும் நூலும் நம்முடையது. முடித்ததும் பத்து நிமிடம் வாய்மொழிக் கேள்வி. மொத்தம் 50 மார்க்.

முதல் தடவை என் பூ அவ்வளவு அழகாக வந்தது. சாமந்தி மஞ்சளில் நடு, அதைச் சுற்றி அரக்குச் சிவப்பு இதழ். பக்கத்து மேசை அக்காகூட எட்டிப் பார்த்து "சூப்பர்மா" என்றார். அந்த மயக்கத்தில் பச்சை நூலை மாட்டி மூலைகளைப் போட்டுக்கொண்டே போனேன். தேர்வாளர் அறுபது வயதைத் தாண்டிய அம்மா. என் சதுரத்தைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்து, விரலால் ஒவ்வொரு மூலையாகத் தொட்டு எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. இது சதுரமாம்மா, நட்சத்திரமா?"

எங்கே தப்பு நடந்தது என்று வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முதல் சுற்றில் போடும் 3 செயினே (சங்கிலிக் கண்ணி) ஒரு டபுள் குரோஷேக்குச் சமம். டபுள் என்பது ஊசியில் நூலை ஒரு முறை சுற்றிப் போடும் உயரத் தையல். அதையும் சேர்த்து 12 வர வேண்டும். நான் அதைக் கணக்கில் விட்டுவிட்டு மேலே 12 போட்டிருந்தேன், ஆக 13. பூவில் ஒரு இதழ் கூடினால் யார் கண்ணுக்கும் தெரியாது. சதுரமாக்கும்போதுதான் குட்டு உடையும். ஒரு மூலை, பக்கத்துக்கு இரண்டு கொத்து (ஒரே இடைவெளியில் சேர்ந்து நிற்கும் தையல்கள்), மறுபடி மூலை என்று கை பழக்கத்தில் போனால் 12 இடைவெளியில் நான்கு மூலை முடிந்துவிடும். பதின்மூன்றாவது இடைவெளி மீந்து நிற்கும், கை தானாக அதிலும் ஒரு மூலையைப் போட்டுவிடும்.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான். பூ போட எல்லோருக்கும் வந்துவிடும், யூடியூப் பார்த்தே வந்துவிடும். மார்க் போவது வட்டம் சதுரமாக மாறுகிற அந்த ஒரு சுற்றில். உங்களுக்கு இருக்கிற நேரத்தில் பாதியை அதற்கே கொடுங்கள்.

நான் பழகிய சதுரத்தைச் சுற்று சுற்றாகச் சொல்கிறேன். நாலு பிளை அக்ரிலிக் உல்லன், 4 மி.மீ. ஊசி. மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) 3 செயின், அதன்பின் 11 டபுள், ஸ்லிப் ஸ்டிச் (சுற்றின் முனைகளை இணைக்கும் தையல்) போட்டு மூடல். இதுதான் பூவின் நடு. இரண்டாம் சுற்றுக்கு இதழ் நிறம். தையலின் தலையில் குத்தாமல், இரண்டு தையலுக்கு நடுவில் இருக்கும் சந்தில் குத்த வேண்டும். ஒவ்வொரு சந்திலும் இரண்டு டபுளைக் கடைசிப் படிக்கு முன் நிறுத்திவைத்து, ஊசியில் நிற்கும் மூன்று கண்ணியையும் ஒன்றாக இழுத்துவிட்டால் குண்டாக ஒரு கொத்து வரும். கொத்துக்குப் பின் 1 செயின். மூன்றாம் சுற்றில் அதே மாதிரி, ஆனால் மூன்று டபுள் சேர்ந்த கொத்து, நடுவில் 2 செயின். இரண்டு சுற்றிலும் 12 கொத்துதான் இருக்க வேண்டும். இதோடு பூ முடிந்தது. இதுவரை முக்கால் மணி நேரத்துக்கு மேல் எடுக்காதீர்கள்.

இங்கே ஊசியைக் கீழே வையுங்கள். இடைவெளிகளை விரல் வைத்து எண்ணுங்கள், 12 இருக்கிறதா என்று. பிறகு வேறு நிறத்தில் நாலு துண்டு நூல் எடுத்து 1, 4, 7, 10 ஆகிய இடைவெளிகளில் சும்மா முடிச்சுப் போட்டு வையுங்கள். அவைதான் மூலைகள். தேர்வு அறையில் இதைச் செய்ய வெட்கப்பட வேண்டாம், யாரும் தடுப்பதில்லை. இரண்டாம் தடவை நான் செய்தது இதைத்தான்.

நான்காம் சுற்றில் முடிச்சு இருக்கும் இடைவெளியில் 3 டிரெபிள் (நூலை இரண்டு முறை சுற்றிப் போடும், டபுளைவிட உயரமான தையல்), 2 செயின், மறுபடி 3 டிரெபிள். முடிச்சு இல்லாத இரண்டு இடைவெளிகளிலும் தலா 3 டபுள். மூலைக்கு ஏன் டிரெபிள் என்று பலர் கேட்பதே இல்லை, மனப்பாடமாகப் போட்டுவிடுகிறார்கள். ஒரு தட்டைச் சதுரப் பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். தட்டின் விளிம்பு பெட்டியின் பக்கங்களைத் தொட்டுக்கொண்டிருக்கும், மூலைகளில் மட்டும் காலி இடம் இருக்கும். அந்தக் காலி இடத்தை நிரப்ப உயரமான தையல் வேண்டும், பக்கத்துக்குக் குட்டையானது போதும். எல்லா இடத்திலும் டபுளே போட்டால் பக்கங்கள் வயிறு தள்ளி நிற்கும். அப்படியும் உங்கள் கையில் பக்கம் உப்பினால், பக்கத்துக் கொத்துகளை டபுளைவிடக் குட்டையான ஹாஃப் டபுளாக மாற்றிப் பாருங்கள். அது அவரவர் கை இறுக்கத்தைப் பொறுத்தது.

சுற்று முடிந்ததும் ஒரு பக்கத்தில் 12 தையல், மொத்தம் 48. ஐந்தாவது வழக்கமான கிரானி சுற்று. கொத்துகளுக்கு நடுவில் 3 டபுள், மூலையில் 3 டபுள், 2 செயின், 3 டபுள். இப்போது பக்கத்துக்கு 15, மொத்தம் 60. கடைசியாக ஒரு சுற்று சிங்கிள் குரோஷே (நூலைச் சுற்றாமல் போடும் குட்டைத் தையல்) ஓரம். இந்த எண்களைப் பஸ்ஸில் போகும்போது வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே போங்கள்.

பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. எனக்கு உண்மையான வகுப்பறை பஸ்தான். ஜன்னல் சீட் கிடைத்தால் பெண்ணையாற்றுப் பாலம் வருவதற்குள் மேஜிக் ரிங்கும் முதல் சுற்றும் முடிந்துவிட வேண்டும் என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொள்வேன். முள்ளோடை தாண்டும்போது இரண்டாம் சுற்று, தவளக்குப்பத்தில் மூன்றாவது. அரியாங்குப்பம் நெரிசலில் வண்டி ஊரும்போது நான்காவதை நிதானமாக எண்ணிப் போடலாம். சில நாள் நிற்கத்தான் இடம் கிடைக்கும், அன்றைக்குப் பயிற்சி இல்லை. கண்டக்டர்கூட ஒரு நாள் "என்னம்மா, ஸ்வெட்டரா? கடலூர் வெயிலுக்கா?" என்று கேட்டுவிட்டார்.

அடுத்தது, நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். அமெரிக்கக் குறிப்பில் டபுள் குரோஷே என்று எழுதுவதைப் பிரிட்டிஷ் குறிப்பில் டிரெபிள் என்பார்கள். அமெரிக்கர்களின் சிங்கிள், பிரிட்டிஷாரின் டபுள். பெயர் ஒன்று, தையல் வேறு. வகுப்பில் ஒரு பெண் பழைய பிரிட்டிஷ் புத்தகத்தில் தையல்களைக் கற்றுக்கொண்டு, அமெரிக்கக் குறிப்பைப் பார்த்துப் பின்னி, மொத்தமும் குட்டையாக, கெட்டியாக, கோஸ்டர் அளவுக்கு வந்து அழுதேவிட்டாள். சுலபமான அடையாளம் ஒன்று உண்டு. குறிப்பில் எங்காவது சிங்கிள் குரோஷே என்று இருந்தால் அது அமெரிக்க முறை, இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. நான் மேலே எழுதியிருப்பதெல்லாம் அமெரிக்கப் பெயர்கள். பெயர்க் குழப்பமே வேண்டாம் என்றால் படக்குறி படிக்கப் பழகுங்கள். முட்டை வடிவம் செயின், கறுப்புப் புள்ளி ஸ்லிப் ஸ்டிச். டி வடிவத்தின் காலில் ஒரு குறுக்குக் கோடு இருந்தால் ஊசியைக் குத்துமுன் நூலை ஒரு முறை சுற்ற வேண்டும், இரண்டு கோடு இருந்தால் இரண்டு முறை. எந்த நாட்டுக்காரர் வரைந்தாலும் அது மாறாது.

பின்னிக்கொண்டிருக்கும்போதே சதுரத்தை அடிக்கடி மேசையில் வைத்துப் பாருங்கள். கிண்ணம் மாதிரி குழிந்தால் தையல் குறைவு அல்லது கை இறுக்கம். பொரித்த அப்பளம் மாதிரி ஓரம் நெளிந்தால் தையல் அதிகம். பயத்தில் எல்லோருக்கும் கை இறுகும், எனக்கு ரொம்பவே இறுகும். அதனால் இரண்டாம் தடவை 4.5 மி.மீ. ஊசியையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். முதல் சுற்று இறுகலாக வந்ததும் பிரித்துவிட்டு அதற்கு மாறினேன். ஐந்து நிமிடம் போனது, ஆனால் சதுரம் படிந்தது.

பூ விஷயத்தில் ஆசைப்பட வேண்டாம். பெரிய மார்க்கெட் பூக்கடைகளைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுங்கள், அது நல்ல பழக்கம். கனகாம்பர நிறத்துக்குப் பக்கத்தில் மரிக்கொழுந்துப் பச்சை எப்படி எடுக்கிறது என்று அங்கே பார்த்துதான் கற்றேன். ஆனால் நிஜப் பூவையே பின்னுகிறேன் என்று கிளம்பாதீர்கள். நாகலிங்கப் பூ புதுச்சேரியின் அடையாள மலர் ஆயிற்றே, அதைப் பின்னினால் தேர்வாளர் மயங்கிவிடுவார் என்று நான் ஒரு வாரம் மெனக்கெட்டேன். ஆறு இதழ், 12 இடைவெளியில் இரண்டு இரண்டாகச் சரியாகவே உட்காரும். லிங்கத்தின் மேல் குடை பிடிக்கிற அந்த வளைவுதான் எப்படிப் போட்டாலும் தேங்காய் ஓடு மாதிரி வந்தது. விட்டுவிட்டேன்.

நூல் நுனிக்குத் தனி மார்க் உண்டு. நிறம் மாற்றும்போது ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். கஞ்சத்தனம் பிடித்து இரண்டு விரல் விட்டால் ஊசியில் கோக்கவே வராது. முடிந்தவரை அடுத்த சுற்றின் தையல்களுக்குள்ளேயே நுனியை வைத்துப் பின்னிவிடுங்கள். மேஜிக் ரிங்கின் நுனியை மட்டும் வளையத்தை ஒட்டிச் சுற்றிக் கொண்டுபோய், பிறகு எதிர்த் திசையில் திருப்பிக் கோத்துவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு துவைப்பில் பூவின் நடுவில் ஓட்டை விழும். பின்பக்கச் சுத்தம் என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமா, ரோமன் ரோலண்டு வீதியில் குளூனி கன்னியர் நடத்தும் எம்பிராய்டரி நிலையத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். அது வேறு வேலைதான், குரோஷா இல்லை. ஆனால் அங்கே ஒரு மேசை விரிப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்த பிறகு என் சதுரத்தின் பின்பக்கத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

படிந்து நிற்க வேண்டும் என்று அக்ரிலிக் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்திவிடாதீர்கள், நூல் இளகிப் பளபளவென்று செத்துப்போகும். தெர்மாகோலில் குண்டூசி குத்தி, தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் போதும். தேர்வில் அதற்கு நேரம் இருக்காது. ஈரக் கைக்குட்டைக்குள் வைத்து நோட்டுப் புத்தகத்துக்கு அடியில் ஐந்து நிமிடம் வைத்தேன்.

வாய்மொழிக் கேள்விகள் கஷ்டமில்லை. நிட்டிங்குக்கும் (இரண்டு நீள ஊசிப் பின்னல்) இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். அதில் கண்ணிகள் எல்லாம் ஊசியிலேயே வரிசையாக நிற்கும், இதில் பெரும்பாலும் ஒரே கண்ணிதான் உயிரோடு இருக்கும் என்றேன். பழைய அச்சுக் குறிப்பு ஏதாவது தெரியுமா என்றதற்கு, 1885-இல் பிரெய்ரி ஃபார்மர் என்ற அமெரிக்க வேளாண் பத்திரிகையில் இந்த வகைச் சதுரம் வந்ததைச் சொன்னேன். குரோஷே என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்ற கேள்விக்குத்தான் முழித்தேன். தேர்வாளர் அம்மாவே சிரித்துக்கொண்டு, "பிரெஞ்சுல சின்னக் கொக்கின்னு அர்த்தம்மா. பாண்டிச்சேரிக்கு வந்து படிச்சிட்டு இது தெரியலன்னா எப்படி?" என்றார்.

பிறகு சதுரத்தை மூலைக்கு மூலை மடித்தார். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. மூலைகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. அப்புறம் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைத் தடவினார். பூவின் நடுவிலிருந்து மஞ்சள் நுனி ஒன்று கால் அங்குலம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை நகத்தால் மெல்ல இழுத்துக் காட்டி, என் முகத்தைப் பார்த்து, இரண்டு மார்க்கைக் குறைத்துவிட்டு 41 என்று எழுதினார்.