முட்டிக்கு அடியில தலையணை வைக்காதீங்க

ஏசிஎல் ஆபரேஷன், அதாவது முட்டிக்குள்ள அறுந்துபோன லிகமென்ட்டுக்கு (எலும்புகளைப் பிணைக்கிற நார்) பதிலா புதுசு வைக்கிற ஆபரேஷன், முடிஞ்சதும் எல்லாரும் கேக்குறது "முட்டி எப்போ மடங்கும்?"னுதான். முதல் 2 வாரத்துல அதைவிட முக்கியம், கால் முழுசா நீளுறது. தலையணையில முட்டியைச் சாய்ச்சு வச்சா சுகமாத்தான் இருக்கும். ஆனா அந்த லேசான மடக்கிலேயே மூட்டு இறுகிடும். உள்ளே தழும்புத் திசு வளர்ந்து அடைச்சா, மறுபடி ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம்.

குளியல் துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில வைங்க. முட்டியும் கெண்டைக்காலும் அந்தரத்துல நிக்கணும். 10 நிமிஷம், நாளைக்கு 4 தடவை. அப்படியே தொடையை இறுக்கி முட்டியைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடிங்க. முட்டிச் சில்லு தொடைப் பக்கமா மெல்ல ஏறுறது கண்ணுக்கே தெரியும். ஏறலைன்னா தசை இன்னும் முழிக்கலை, பிசியோகிட்ட சொல்லுங்க. கெண்டைக்கால் வீங்கி வலிச்சா மட்டும் காத்திருக்காம உடனே டாக்டரைப் பாருங்க. ரத்தம் உறைஞ்சிருக்கலாம். முட்டி எலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற ஜவ்வுக்கும் (மெனிஸ்கஸ்) தையல் போட்டிருந்தா, எவ்வளவு மடக்கலாம், எவ்வளவு ஊனலாம்னு சர்ஜன் சொல்றதுதான் கணக்கு.

எனக்கு ரொம்ப பயம் 6லிருந்து 12 வாரம் வரைக்கும்தான். வலி போயிருக்கும், வீக்கம் வடிஞ்சிருக்கும், நடை சரியாயிருக்கும். ஆனா புது லிகமென்ட்டுக்குள்ள அப்போதான் ரத்த ஓட்டம் புதுசா உருவாகிட்டிருக்கும். வச்ச அன்னைக்கு இருந்த பலம்கூட அப்போ இருக்காது. தயவுசெஞ்சு அந்த நேரத்துல மட்டையைத் தூக்கிட்டு மைதானத்துக்குப் போயிடாதீங்க. குறைஞ்சது 9 மாசம் ஆகணும். ஒத்தைக்கால்ல தாண்டுற தூரமும் தொடைப் பலமும் நல்ல கால்ல 90 சதவீதமாவது வந்திருக்கணும்.