மூணாறில் எந்தப் பூச்செடி நடலாம்?

போடிநாயக்கனூர் வேலிகளில் இலை தெரியாமல் பூத்துக் குலுங்கும் காகிதப்பூச்செடியை மூணாறுக்குக் கொண்டுவந்து நட்டுவிட்டு, தழை மட்டுமே வளர்கிறது என்று வருந்துவோர் இங்கே பலர். வறட்சியும் நல்ல வெயிலும் கிடைத்தால்தான் அது நிறையப் பூக்கும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் பெய்யும் இவ்வூரில், அதைத் தொட்டியில் வைத்து, மழைச்சாரல் படாத வெயில்முகத்தில் நிறுத்தி, நீரைக் குறைத்தே வளர்க்க வேண்டும். இம்மண்ணுக்கே இசைந்த ஹைட்ராஞ்சியாவை நடுங்கள் என்பதே என் வேண்டுகோள். தேயிலைக்கு உகந்த அமில மண்ணில் அதன் வேர் அலுமினியத்தை எளிதாக உறிஞ்சுவதால் கொத்துகள் நீலமாகின்றன. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அச்செடியே இளஞ்சிவப்பாகப் பூக்கும் (வெள்ளை வகைகள் இப்படி மாறுவதில்லை). பழைய வகைகள் பெரும்பாலும் சென்ற ஆண்டுக் கிளையில்தான் மொட்டு வைக்கும் என்பதால், பூ முடிந்தவுடனே கத்தரித்துவிடுங்கள்.