ஒரு ஜிக்கா, இரண்டு ஜிக்கா: லவான் ஏரிக் குறிப்புகள்

மார்ச் 1, சனி

விடியும் முன்பே டெக்சாஸின் பிளானோவிலிருந்து கிளம்பி லவான் ஏரிக்கு மீன் பிடிக்கப் போய்விட்டேன். தண்ணீர் 12 டிகிரி. வழக்கம்போல் கலங்கல், பால் தூக்கலாக விட்ட டீ நிறம். நான் தேடுவது கிராப்பி என்ற நன்னீர் மீன்; வெள்ளை, கறுப்பு என்று இரண்டு வகை. கலங்கலைத் தாங்கிக்கொள்வது வெள்ளை கிராப்பிதான். கையில் வந்ததும் முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணிவிடுவேன்: ஐந்தோ ஆறோ என்றால் வெள்ளை, ஏழெட்டு என்றால் கறுப்பு.

ஜிக் என்றால் கனத்த தலையும் மெல்லிய வாலும் கொண்ட செயற்கை இரை முள். போன வருடம் முழுக்க ஒரு நாள் ஒற்றை ஜிக், மறுநாள் ஒரே நரம்பில் இரட்டை என்று தோன்றியபடி மாற்றி மாற்றிப் போட்டேன். எது எதற்கு என்று கடைசிவரை பிடிபடவில்லை. இந்த வருடம் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்தவுடன் எழுதிவிடுவது என்று முடிவு.

இன்று இரட்டை. மேல் ஜிக்கைப் பாலோமர் முடிச்சில் கட்டும்போது தூண்டில் நரம்பின் மிச்ச வாலை வெட்டாமல் ஒன்றரை அடி விட்டு, அந்த வாலிலேயே கீழ் ஜிக். மேலே 1/16 அவுன்ஸ், கீழே 1/8. கனம் அடியில் இருந்தால் நரம்பு விறைப்பாக நிற்கும். படகுத்துறை ஓரம் கிளைக்கட்டுகளை மூழ்கடித்து வைத்திருக்கும் இடத்தில் நேராக இறக்கினேன்.

ஒன்பது மீன். அதில் ஏழு மேல் ஜிக்கில்! மீன் சுமார் எட்டடி ஆழத்தில் அந்தரத்தில் நின்றிருக்கிறது. கிராப்பியின் கண் மேல்நோக்கியே இருக்கும். தலைக்கு மேல் தெரிவதை எழும்பி வந்து எடுக்கும், கீழே போவதைத் தேடி இறங்குவது அபூர்வம். ஒற்றை ஜிக்கை அடியில் போட்டிருந்தால் இன்று மீனே இல்லை என்று திரும்பியிருப்பேன்.

மார்ச் 8, சனி

பேய்க்காற்று. ஏரிக்குப் போகவில்லை.

படகுத்துறையில் வழக்கமாகப் பார்க்கும் பெரியவர் ஒருவர், இரண்டு 1/16 போட்டால் ஒரு 1/8 போட்ட கணக்குதான் என்று போன வாரம் சொன்னார். கனத்தில் சரி. இறங்கும் வேகத்திலுமா? மனதை அரித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் ஒரு 1/16, இரண்டு 1/16, ஒரு 1/8 என்று மாற்றி மாற்றி விட, அவள் குப்புறப் படுத்து, அடியைத் தொடும் நொடியைப் போனில் குறித்தாள்.

"அப்பா, ரெண்டு கட்டினதும் ஒண்ணு மாதிரியேதான் இறங்குது. பெருசுதான் டக்குனு போயிருது."

பத்துத் தடவை விட்டும் அதேதான். யோசித்தால் நியாயம்தான். ஒவ்வொரு ஜிக்கும் தன் கனத்தோடு தன் வாலின் தடையையும் சேர்த்துத்தான் சுமக்கிறது. இரண்டைக் கோத்தால் கனமும் இரட்டிப்பு, தடையும் இரட்டிப்பு. நரம்பின் இழுவையை இரண்டும் பங்கு போடுவதால் ஒரு இம்மி வேகம் கூடலாம், அவ்வளவே. குளிர்ந்த நீரில் மீன் மந்தமாக இருக்கும்போது மெதுவாக இறங்குவதுதான் வேண்டும். அப்போது காற்றைச் சமாளிக்க 1/8க்குத் தாவுவதைவிட இரண்டு 1/16 நல்லது. வேகம் அதிகமாகாது, ஆனால் கைக்கு கனம் தெரியும்.

மார்ச் 16, ஞாயிறு

லேக் ஃபோர்க். டாலஸுக்குக் கிழக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினேன். 1980இல் நீர் தேக்கியபோது காட்டை முழுவதும் வெட்டவில்லை. பட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. கயாக்கை ஒரு மரத்தில் கட்டிவிட்டு இரட்டையை இறக்கினேன்.

பத்து மணிக்குள் ஆறு ஜிக் போயிற்று. ஒரே கதைதான். மீன் கீழ் ஜிக்கில் மாட்டும், மரத்தைச் சுற்றும், ஒன்றரை அடி மேலே சும்மா தொங்கும் முள் போய்க் கட்டையைக் கவ்வும். இந்தப் பக்கம் மரம், அந்தப் பக்கம் மீன், நடுவில் ஆறு பவுண்டு தாங்கும் நரம்பு. கிராப்பிக்கு உதட்டை ஒட்டிய சதை காகிதம்போல மெல்லியது. கொஞ்சம் அழுத்தி இழுத்தால் கிழிந்துவிடும். அப்படி ஒன்று கிழிந்துபோய், பக்கவாட்டில் சாய்ந்து, மெல்ல ஆழத்துக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடித்துச் சாப்பிடுவது வேறு. காயப்படுத்திவிட்டு விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நரம்பின் வாலை வெட்டிவிட்டு ஒற்றை 1/16 கட்டினேன். முடிச்சைக் கண்ணியின் (ஜிக்கில் நரம்பு கட்டும் வளையம்) மேல்புறம் நகர்த்தி வைத்தால் ஜிக் படுக்கை வாக்கில், நிஜக் குஞ்சு மீன் நிற்பதுபோல் நிற்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அது சரிந்துவிடும், திரும்ப நகர்த்தணும். இதைச் செய்யச் சோம்பல்பட்ட இரண்டு தடவையும் கொத்தே இல்லை. மதியம்வரை பதினொன்று. இழந்தது ஒரே ஜிக். கடைசியாக வந்த கறுப்பு கிராப்பி 13 அங்குலம்.

மார்ச் 23, ஞாயிறு

மறுபடி லவான், மகளோடு. பதினேழு வயதுக்குக் கீழ் என்பதால் அவளுக்கு லைசன்ஸ் வேண்டாம். ஆழம் தெரியாததால் இரட்டையில் ஆரம்பித்தேன். மேலே மஞ்சள் கலந்த பச்சை வால், கீழே வெள்ளை.

"அப்பா, ரெண்டுலயும் வந்திருச்சு!"

அவள் முகத்தைப் பார்க்கணுமே! இரண்டு மீனும் ஒரே நரம்பில் துள்ள, கம்பு வளைந்து தண்ணீரைத் தொட்டது. அளந்து பார்த்தால் ஒன்று பத்து அங்குலத்துக்குக் கீழே, அதை விட்டுவிட்டோம்.

அதற்கடுத்த மீன் மேல் ஜிக்கில். கழற்றப் போனேன். அது ஒரு துள்ளு துள்ள, கீழே ஆடிக்கொண்டிருந்த முள் என் இடது கட்டைவிரல் அடிச்சதையில் கொளுவி (முள் நுனியின் எதிர்முள்) தாண்டி ஏறிவிட்டது. பெரியவர்தான் ஓடி வந்தார். முள்ளின் வளைவில் ஒரு துண்டு நரம்பைச் சுற்றி, கண்ணிப் பக்கத்தைத் தோலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெடுக்கென்று ஒரு இழுப்பு. வந்துவிட்டது. வலி குறைவுதான். ஆனால் ஒரு நிமிடம் முன்னால் அந்த மீனைத் தொடக் கை நீட்டியவள் என் மகள்.

இனி அவள் பக்கத்தில் இருந்தால் ஒற்றைதான், கொளுவியையும் குறட்டால் நசுக்கிவிட்டு. இதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கணக்குப் பார்த்தாலும் அன்று ஆழம் ஒன்பதடி என்று முதல் நான்கு மீனிலேயே தெரிந்துவிட்டது. அதன் பிறகும் இரண்டாவது முள்ளைத் தொங்கவிட்டது என் தவறு.

மார்ச் 30, ஞாயிறு

தண்ணீர் 17 டிகிரி. முட்டையிடக் கரைக்கு வந்துவிட்டன. ஆண் மீன்களுக்குக் கழுத்தும் நெஞ்சும் கரி பூசியதுபோல் கறுத்திருக்கிறது. ஆழம் மூன்றடிதான், தேடவே வேண்டியதில்லை. ஒற்றை ஜிக்குக்கு மேலே இரண்டடியில் ஒரு தக்கை. சின்ன வயதில் கண்மாயில் நெட்டித் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுபோலவே உட்கார்ந்திருந்தோம்.

ஒரு நாளைக்கு 25 வரை எடுக்கலாம் என்கிறது டெக்சாஸ் விதி. நாங்கள் ஆறு எடுத்தோம். முட்டை கட்டிய பெட்டைகளை மகள் தானே தண்ணீருக்குள் கை விட்டு, அவை வாலை அசைக்கும்வரை பிடித்திருந்து விட்டாள்.

"என்னங்க, இது குழம்புல கரைஞ்சுரும், வறுத்துரலாம்" என்றாள் மனைவி. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு. அடுப்பில் கல் காய்ந்துகொண்டிருக்கிறது, போகிறேன்.