மாடு கடித்த குத்துகள்

மேய்ச்சல் நிலத்தைத் திரும்பக் காடாக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது, குழியெடுத்துக் கன்று நடுவதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். முதல் வருடம் அதைத்தான் செய்தோம். நாட்டு மரக் கன்றுகள் பெரும்பாலும் முதல் கோடையையே தாண்டவில்லை. வருடக்கணக்காகக் குளம்பு மிதித்து இறுகிய மண். மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிடும்.

பட்டுப்போன கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், அங்கே வெகுகாலம் மாடு மேய்த்த பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்த ஒரு குத்துச் செடியைக் காட்டினார். முழங்கால் உயரம்கூட இல்லை. நுனியெல்லாம் கடிபட்டு, தேய்ந்த துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு வைத்தது போல இருந்தது. முள் புதர் என்று நினைத்து தினமும் அதைத் தாண்டிப் போயிருக்கிறோம். கொஞ்சம் கொத்திப் பாருங்கள் என்றார். ஒரு சாண் ஆழத்தில் என் மணிக்கட்டு கனத்துக்கு வேர். எப்போதோ வெட்டிய மரம்! துளிர்ப்பதும், துளிர்த்ததை மாடு கடிப்பதுமாகவே இத்தனை காலம் உயிரைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. நாங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, அந்தக் கோடையிலும் இலை பச்சையாக இருந்தது.

அப்புறம் வேலையின் போக்கே மாறிவிட்டது. குத்துக்கு இரண்டு மூன்று நேரான தண்டுகளை விட்டு மற்றதைக் கவாத்து செய்தோம். வேரில் இருக்கும் சத்தெல்லாம் அவற்றுக்கே போகும். ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ 1980களில் நைஜர் நாட்டு விவசாயிகளோடு சேர்ந்து செய்ததும் இதுதான். அங்கே சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் இப்படித் திரும்பியிருக்கின்றன.

மாட்டை ஒரேயடியாக வெளியேற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. புல் உயர்ந்து காய்ந்து கிடந்தால் ஒரு தீப்பொறி போதும், மூன்று வருட வளர்ச்சி ஒரே மதியத்தில் போய்விடும். அதனால் நிலத்தைத் துண்டு துண்டாக அடைத்தோம். நுனி மாட்டின் வாய்க்கு எட்டாத உயரம் போனதும் அந்தத் துண்டைத் திறந்துவிடுவோம்.

இப்போது என் வேலை பெரும்பாலும் அளப்பது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தண்டைச் சுற்றி டேப் பிடித்து, அதிலிருந்து மரத்தின் உலர் எடையைக் கணக்கிடுகிறோம். அதில் ஏறக்குறைய 47 சதவீதம் கார்பன். அதை 44/12 ஆல் (கார்பன் டை ஆக்சைடின் எடைக்கும் அதிலுள்ள கார்பனின் எடைக்கும் உள்ள விகிதம்) பெருக்கினால், மரம் காற்றிலிருந்து இழுத்த கார்பன் டை ஆக்சைடு. 100 கிலோ உலர் எடைக்குச் சுமார் 172 கிலோ வரும்.

பெருக்கல் யாருக்கும் வரும். எதை எண்ணுவது, எதை விடுவது என்பதில்தான் நேர்மை வேண்டும். சில வருடம் கழித்து வேறொரு திட்டத்தில் அளக்கப் போனபோது, முன்பே நின்ற பெரிய மரங்களையும் புது வளர்ச்சியில் சேர்க்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டு வந்தேன். இந்தக் கணக்குதான் கார்பன் கிரெடிட்டாக, அதாவது புகை விடுபவர்கள் தங்கள் புகைக்கு ஈடாக வாங்கும் சான்றாக, விற்கப்படுகிறது. நாங்கள் எழுதும் ஒவ்வொரு டன்னையும் நம்பி, எங்கோ ஒருவர் ஒரு டன் புகை விடுகிறார். நம் டன் பொய்யானாலும் அந்தப் புகை பொய்யாகாது.

ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட திட்டங்கள் மீது 2022இல் பெரிய சர்ச்சை எழுந்தது. மரங்கள் வளர்ந்தது மேய்ச்சலைக் குறைத்ததாலா, நல்ல மழையாலா என்பது அதில் ஒரு முக்கியமான கேள்வி. என்னைக் கேட்டால் நியாயமான கேள்வி. அதனால் ஒரு துண்டை வேலி போடாமல், பழையபடியே மேய விட்டு, அதையும் அளக்கிறோம். மழை நன்றாகப் பெய்தால் இரண்டு பக்கமும் தெரியும். வித்தியாசம் மட்டுமே எங்கள் கணக்கில் வரும்.

பெரியவர் காட்டிய குத்தில் நாங்கள் விட்டது இரண்டு தண்டு. போன முறை பெரிய தண்டின் சுற்றளவு 31 சென்டிமீட்டர். அதன் அடியில், நாங்கள் நடாத வேறொரு மரத்தின் கன்று இரண்டு இலையோடு நின்றது. கிளையில் உட்கார்ந்த பறவை போட்ட விதையாக இருக்க வேண்டும். அது இன்னும் டேப்புக்கு எட்டவில்லை, குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட்டு வந்தேன்.