நாணயம்

15 ஜூலை 2024, திங்கள், டர்பன்

ஆய்வுக்குப் பணம் கேட்கும் நல்கை விண்ணப்பத்துக்கு இன்னும் 25 நாள் இருக்கிறது. தலைப்பு மட்டும் முடிவாகியிருக்கிறது: தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி முறைகேடு ஏன், எவ்வளவு நடக்கிறது. இல்லாத தரவை உண்டாக்குவது, இருக்கும் தரவைத் திருத்துவது, பிறர் எழுத்தைத் திருடுவது. பெரும்பாலான இடங்களில் முறைகேடு என்றால் முதலில் இந்த மூன்றும்தான். இவற்றுக்குக் கீழே பேர் சொல்லாத சின்னத் தவறுகள் நிறைய இருக்கின்றன. என் ஆய்வு பெரும்பாலும் அவற்றைப் பற்றியது.

மாலை சாட்ஸ்வொர்த்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். என்ன எழுதுகிறேன் என்று கேட்டார், சொன்னேன். "பொய் சொன்னவனைப் பிடிச்சு வெளியே அனுப்ப வேண்டியதுதானே. அவனைப் பத்திப் படிக்க எதுக்கும்மா காசு?"

விண்ணப்பத்தைப் படிக்கப்போகிறவர்களும் இதையேதான் கேட்பார்கள்.

18 ஜூலை, வியாழன்

பெரியம்மாவுக்குச் சொல்லவேண்டிய பதில் அவருடைய கதையிலேயே இருக்கிறது.

1999-ல் அவருக்கு மார்பகப் புற்று. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் நடந்த புற்றுநோய் மாநாட்டில் நம் ஊர் மருத்துவர் ஒருவரின் முடிவு பெரிதாகப் பேசப்பட்டது. ஜோகன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் வெர்னர் பெஸ்வோடா. அளவு மிக அதிகமான கீமோ கொடுத்தால் பெண்கள் கூடுதல் காலம் உயிர்வாழ்கிறார்கள் என்றார். மற்ற பெரிய ஆய்வுகள் கைவிரித்தபோது இவர் ஒருவருடையதுதான் நம்பிக்கை தந்தது. தாத்தா ஜோகன்னஸ்பர்க்குக்கு அனுப்பலாமா என்று விசாரித்தார். நகையை விற்கலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. எனக்கு அப்போது 14 வயது.

2000 ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து ஒரு தணிக்கைக் குழு நேரில் வந்தது. அதிக அளவு கீமோ கொடுக்காமல் ஒப்பிடுவதற்கென்று வைத்திருந்த குழுவுக்குக் கொடுத்த மருந்து அவர் மேடையில் சொன்னது அல்ல. நோயாளிகள் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் ஒன்றுகூட இல்லை. அவர் ஒப்புக்கொண்டார், பதவி போனது. அவருடைய 1995 கட்டுரையையும் பிறகு தோண்டினார்கள். 15,000-க்கும் மேற்பட்ட மருத்துவக் கோப்புகளைப் புரட்டியும் 90 நோயாளிகளில் 61 பேர்தான் கிடைத்தார்கள். அந்தக் கட்டுரை 2001-ல் திரும்பப் பெறப்பட்டது.

பெரியம்மா டர்பனிலேயே வழக்கமான சிகிச்சை எடுத்துக்கொண்டு இன்று 74 வயதில் எனக்கு டீ போட்டுத் தருகிறார். ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்த பெண்களை நான் நினைக்காமல் இருக்க முடியவில்லை. குற்றவாளியைப் பிடித்தார்கள், சரி. ஆண்டுக்கணக்காக அருகிலிருந்தவர்கள் ஏன் கேட்கவில்லை? அதைத் தெரிந்துகொள்ளத்தான் காசு வேண்டும்.

22 ஜூலை, திங்கள்

'இதற்கெல்லாம் யார் பணம் தருகிறார்கள்' என்ற பத்தியை எழுதினேன். அமெரிக்காவில் ஆராய்ச்சி நேர்மை அலுவலகமும் தேசிய சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2000 வாக்கில் இதற்கென்றே ஒரு நல்கைத் திட்டம் தொடங்கின. அந்தப் பணத்தில் வந்ததுதான் 2005-ல் நேச்சர் இதழ் வெளியிட்ட கருத்துக்கணிப்பு. 3,247 விஞ்ஞானிகள் பதில் சொன்னார்கள். முந்தைய மூன்று ஆண்டுகளில் அவர்களிடம் கேட்ட பட்டியலில் உள்ள முக்கியத் தவறுகளில் ஒன்றையாவது செய்ததாக மூன்றில் ஒருவர் ஒப்புக்கொண்டார். அதுவரை 'எங்கோ ஒரு கெட்ட ஆள்' என்றிருந்த பேச்சு அதற்குப் பிறகு அவ்வளவு எளிதாக எடுபடவில்லை.

நம் நாட்டுச் சிக்கல் தனி. இங்கே அங்கீகரிக்கப்பட்ட இதழில் வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் அரசு பல்கலைக்கழகத்துக்கு மானியம் தருகிறது. எண்ணிக்கைக்குக் காசு என்றால் எண்ணிக்கை பெருகத்தான் செய்யும். ஸ்டெல்லன்போஷ் ஆய்வாளர்கள் 2017-ல் எண்ணிப் பார்த்தார்கள்: 2005 முதல் 2014 வரை, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலிகள் என்று அவர்கள் சந்தேகித்த 48 இதழ்களில் 4,246 தென்னாப்பிரிக்கக் கட்டுரைகள். மக்கள் வரிப்பணம் அது.

26 ஜூலை, வெள்ளி

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் வரைவைப் படித்துவிட்டுத் தலைப்பில் 'முறைகேடு' வேண்டாம், 'நேர்மைப் பண்பாடு' என்று போடுங்கள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். இரவு முழுக்க அது உறுத்தியது.

முதுகலை படித்தபோது என் வழிகாட்டி ஒரு வரைபடத்தில் கோட்டை விட்டு விலகி நின்ற இரண்டு புள்ளிகளை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். காரணத்தை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கட்டுரை வெளிவந்தது. இதை வீட்டில்கூட யாரிடமும் சொன்னதில்லை. அன்று நான் செய்ததற்குப் பண்பாடு என்று பெயர் வைக்க மாட்டேன். தலைப்பு அப்படியே இருக்கும்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

கோயிலில் ஆடிக் கூழ். இங்கே எல்லோரும் 'போரிட்ஜ் பிரேயர்' என்பார்கள். அண்டா அடுப்பில் இருக்கும்போது சொல்லத் தயங்கும் கேள்விக்கு உண்மையான பதில் வாங்க நான் வைத்திருக்கும் முறையைப் பெரியம்மாவின் கூட்டாளிகள் 20 பேரிடம் சோதித்தேன்.

ஆளுக்கு ஒரு ரேண்ட் காசு. யாருக்கும் காட்டாமல் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மை எதுவானாலும் 'ஆம்'. பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். கேள்வி: விரத நாளில் கறி சாப்பிட்டதுண்டா? 13 பேர் 'ஆம்'. அதில் சுமார் 10 காசு சொன்னது. மிச்சம் 3, உண்மை சொல்லவேண்டிய 10 பேரில். எந்த ஆன்ட்டி சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வராது. ஆனால் பத்துக்கு மூன்று என்று தெரிகிறது.

"நாணயத்தைச் சுண்டி நாணயத்தை அளக்கிறியா?" என்றார் பெரியம்மா. தமிழ்ப் பாடசாலையில் முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தவர்.

20 பேரில் இந்தக் கணக்கு நிற்காது என்றும் அவரிடம் சொன்னேன். காசு தற்செயலாக விழுவதைத் தாண்டி உண்மை தெரிய ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும். நெதர்லாந்தில் இப்படி மறைத்துக் கேட்டு 6,813 பேரிடம் பதில் வாங்கினார்கள். தரவை இட்டுக்கட்டியதாக நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று மேல். அங்கேயே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒத்துழைக்க மறுத்துவிட்டன. "அதுக்குத்தான் காசா," என்று கேட்டுவிட்டுக் கூழைக் கிண்டப் போனார்.

9 ஆகஸ்ட், வெள்ளி

தென்னாப்பிரிக்காவில் பெண்கள் தினம், விடுமுறை. காலையிலேயே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். பட்ஜெட்டில் எதையும் குறைக்கவில்லை. ஐசிசுலு (சூலு மொழி) மொழிபெயர்ப்பு, புள்ளியியல் ஆலோசகர், இரண்டு மாணவர்களுக்கு உதவித்தொகை, எல்லாம் இருக்கிறது.

மதியம் பார்த்தால் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல், நேற்றே வந்திருக்கிறது. அவர்களுடைய ஆட்களிடம் ஆய்வு நடத்த நிறுவனம் தரவேண்டிய 'கேட்கீப்பர்' அனுமதியைக் கேட்டிருந்தேன். மறுக்கவும் இல்லை, தரவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி: "முடிவுகளில் எங்கள் நிறுவனத்தின் பெயர் வருமா?"

வராது, பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் பிரித்துக் காட்டமாட்டோம் என்று எழுதினேன். அடுத்த வரியில், ஆனால் முடிவுகளை வெளியிடுவதற்குமுன் யாருடைய ஒப்புதலையும் கேட்கமாட்டோம் என்றும் சேர்த்தேன். அந்த வரியை இரண்டு முறை அழித்து இரண்டு முறை எழுதி, கடைசியில் அதோடுதான் அனுப்பினேன்.