கடைசி பஸ் வந்து சேருமா: டூர் டி பிரான்ஸ் 2024

ஜூன் 29, சனி. ஃப்ளாரன்ஸ் – ரிமினி, 206 கி.மீ.

டூர் டி பிரான்ஸ் மூன்று வார சைக்கிள் பந்தயம். ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு ஸ்டேஜ், எல்லா ஸ்டேஜ் நேரத்தையும் கூட்டிக் குறைவாக எடுத்தவருக்கே பட்டம். முதலில் நேரக் கணக்கு. பிரான்ஸ், இத்தாலி நேரத்தோடு மூன்றரை மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அங்கே மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினால் தருமபுரியில் மாலை நாலரை. டீ நேரத்தில் ஆரம்பித்து இரவு ஒன்பதை ஒட்டி முடியும். கடைசி ஒன்றரை மணி நேரம் போதும் என்பவர்கள் ஏழரைக்கு உட்கார்ந்தால் சரி.

இன்று வென்றவர் ரோமா(ன்) பார்டே. கூடவே கோட்டைத் தொட்டவர் அதே அணிப் பையன் ஃபிராங்க் வான் டென் புருக். துரத்தி வந்த கூட்டம் வெறும் 5 நொடி பின்னால். இதையெல்லாம் நாளை எல்லாரும் எழுதுவார்கள். இந்தக் குறிப்புகள் முக்கியமாகப் பின்பக்கத்துக்கு, அதாவது கடைசியில் வருபவர்களுக்கு.

பின்பக்கத்தில் இன்று மார்க் கேவண்டிஷ். வயது 39. ஸ்பிரிண்டர். சமவெளி முடிவில் கடைசிப் பாய்ச்சலில் ஜெயிப்பவர், மேட்டில் தடுமாறுபவர். கடும் வெயில், 3,600 மீட்டர் ஏற்றம். முதல் மேட்டிலேயே கூட்டத்திலிருந்து கழன்றார், சைக்கிளில் உட்கார்ந்தபடியே வாந்தி எடுத்தார். அஸ்தானா அணிக்காரர்கள் சுற்றி நின்று காற்றை மறைத்து, தலையில் தண்ணீர் ஊற்றி இழுத்துக்கொண்டு போனார்கள். வந்து சேரும்போது பார்டேவுக்கு 39 நிமிடத்துக்கும் மேல் பின்னால். ஆனால் டைம் கட்டுக்குள்.

டைம் கட் என்பது வென்றவர் எடுத்த நேரத்தில் இத்தனை சதவீதம் கூடுதலாக எடுக்கலாம் என்ற வரம்பு. தாண்டினால் மறுநாள் கிளம்ப முடியாது. ஒவ்வொரு ஸ்டேஜையும் அதன் கடுமையைப் பார்த்து ஒரு வகையில் சேர்த்திருப்பார்கள். அந்த வகைக்குள் வென்றவரின் சராசரி வேகம் ஏற ஏறச் சதவீதமும் ஏறும். முன்னால் போகிறவர்கள் வெறித்தனமாக ஓட்டினால் பின்னால் வருபவர்களுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டும் ஏற்பாடு அது. பார்டே எடுத்தது சுமார் 5 மணி 7 நிமிடம், அதாவது 307 நிமிடம். அதில் 39 என்பது 12 சதவீதத்துக்கு மேல். சமவெளி ஸ்டேஜாக வகைப்படுத்தியிருந்தால் கேவண்டிஷின் டூர் இன்றே முடிந்திருக்கும்.

ஜூலை 1, திங்கள். பியாசென்சா – டூரின்.

பினியம் கிர்மாய் ஜெயித்துவிட்டார். எரித்ரியாக்காரர். டூரில் ஒரு ஸ்டேஜ் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர்.

மொத்த நேரத்தில் முதலில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி ஸ்லோவேனியாவின் போகச்சாரிடமிருந்து கராபாஸுக்கு மாறியதில் பலருக்குக் குழப்பம். முதல் நான்கு பேரும் மொத்த நேரத்தில் சமம். நேரம் சமமானால் ஒவ்வொரு ஸ்டேஜிலும் எத்தனையாவது இடத்தில் வந்தார்கள் என்பதைக் கூட்டுவார்கள், கூட்டுத்தொகை சிறியவருக்கே ஜெர்சி. அதனால்தான் நேரம் மாறாத சமவெளி ஸ்டேஜிலும் கராபாஸ் முன்னால் முட்டிக்கொண்டு வந்தார். ஈக்வடாருக்கு இது முதல் மஞ்சள்.

ஜூலை 2, செவ்வாய். காலிபியே.

2,642 மீட்டர் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் போகச்சார் தாக்கினார், அதாவது திடீரென வேகமெடுத்துப் பிரிந்து போனார். ஆனால் அவர் வென்ற 35 நொடி இடைவெளியில் பெரும் பகுதி சேர்ந்தது வல்வார் ஊருக்கான இறக்கத்தில்.

இறக்கத்தில் என்ன பார்ப்பது? தொப்பூர் கணவாய் தெரிந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, வழி முழுக்க பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு வரும் லாரிக்கு டிரம் சூடேறிக் கடைசி வளைவில் பிரேக் பிடிக்காது. சைக்கிளிலும் அதே கதைதான். நன்றாக இறங்குகிறவர் பிரேக்கைத் தேய்க்கவே மாட்டார். வளைவுக்கு முன், சைக்கிள் நேராக நிற்கும்போது, ஒரே அழுத்தாகச் சுருக்கமாகப் பிடித்து விட்டுவிடுவார். வளைவுக்குள் பிரேக் அநேகமாகக் கிடையாது. வெளிப்பக்க மிதி கீழே, எடை முழுக்க அந்தக் காலில், கண் வளைவின் முடிவில். வளைவுக்குள் ஒருவர் பிரேக்கைத் தொட்டால் பெரும்பாலும் அவர் வேகத்தைத் தப்பாகக் கணித்துவிட்டார் என்று அர்த்தம்.

ஜூலை 3, புதன். சென் வுல்பா.

முப்பத்தைந்து!

சனிக்கிழமை வாந்தி எடுத்த அதே கேவண்டிஷ். பெல்ஜிய ஜாம்பவான் எடி மெர்க்ஸின் 34 ஸ்டேஜ் வெற்றிகளை 2021இல் சமன் செய்தார், 2023இல் காறை எலும்பு முறிந்து வெளியே போனார், இன்று தாண்டிவிட்டார். முதல் வெற்றி 2008இல். பிலிப்சன் இரண்டாவது, கிறிஸ்டோஃப் மூன்றாவது.

மறுபடி போடும்போது கடைசி 500 மீட்டரை வேகத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள். கேவண்டிஷ் கால் பலத்தால் வென்றதாகத் தெரியவில்லை. ஒருவர் பின்சக்கரத்திலிருந்து இன்னொருவர் பின்சக்கரத்துக்குத் தாவித் தாவி வருகிறார். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் ஒட்டி வருபவருக்கு உழைப்பு மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். அந்த மறைப்பை விட்டுக் கடைசி 200 மீட்டருக்கு முன்னால் வெளியே வருகிறவர் மற்றவர்களுக்காகக் காற்றை உடைக்கிறவராகிவிடுவார். அதிகம் தாமதித்தால் பெட்டி போட்டு அடைத்துவிடுவார்கள்.

ஜூலை 7, ஞாயிறு. திருவா, மண் சாலை.

14 துண்டுகளாக 32 கி.மீ. வெள்ளை ஜல்லி. ஜெயித்தவர் அந்தோனி துர்ஜி.

ஜல்லி பரப்பி ஆறு மாதமாகியும் தார் வராத கிராமச் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்த ஸ்டேஜ் நன்றாகப் புரியும். டயர் 30 முதல் 32 மி.மீ., டியூப் இல்லாதது, உள்ளே ஓட்டை அடைக்கும் திரவம். காற்று, 70 கிலோ ஆளுக்குச் சுமார் 55 – 60 பிஎஸ்ஐ. அதற்கு மேல் ஏற்றினால் டயர் கல் மேல் குதிக்கும், பிடி போகும். ரொம்பக் குறைத்தால் கல் ரிம்மில் அடிக்கும். ஹேண்டிலை இறுக்கக் கூடாது. கியர் ஒரு பல் கனமாக இருக்கட்டும், மிதி நிற்கவே கூடாது. உட்கார்ந்தே ஏற வேண்டும், எழுந்தால் பின்சக்கரம் சுழன்று நின்றுவிடும்.

பஞ்சரானால் அடுத்த தொல்லை அணிக் கார். தூசியில் கூட்டம் நீண்டு கார் எங்கோ பின்னால் கிடக்கும். அதனால் அணித் தலைவருக்கு ஏறத்தாழ அதே சீட் உயரமுள்ள ஒருவரைப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். போகச்சாரின் முக்கியப் போட்டியாளர் விங்கேகோருக்கு இன்று பஞ்சர், அணித்தோழர் டிராட்னிக்கின் சைக்கிளை வாங்கிக்கொண்டு ஓட்டினார்.

ஜூலை 8 ஓய்வு. 9இல் வென்றவர் பிலிப்சன். சொல்ல வேறொன்றுமில்லை.

ஜூலை 10, புதன். லெ லியோரா(ன்), 211 கி.மீ.

ஏப்ரலில் பாஸ்க் நாட்டுப் பந்தயத்தில் விழுந்து நுரையீரல் சுருங்கி, காறை எலும்பும் விலாவும் உடைந்த விங்கேகோர், முப்பது கி.மீ. முன்னால் தாக்கிப் பறந்த போகச்சாரை எட்டிப் பிடித்து, ஸ்பிரிண்டிலும் தோற்கடித்துவிட்டார். இன்று ஒரு நாள் முன்பக்கத்துக்கே.

பட்டப் போட்டியில் இருந்த ரோக்லிச் கடைசி 3 கி.மீ.க்குள் விழுந்தார். அதனால் கூட வந்த எவனபோலின் நேரமே அவருக்கும் கிடைத்தது. 25 நொடி பின்னால், அவ்வளவுதான்.

ஜூலை 11, வியாழன்.

ரோக்லிச் மறுபடி விழுந்தார். இந்த முறை கோட்டுக்குச் சுமார் 12 கி.மீ. முன்னால். லுட்சென்கோ சாலை நடுவில் இருந்த டிவைடரில் மோதிச் சரிய, பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர். இழப்பு 2 நிமிடம் 27 நொடி. நேற்று 3 கி.மீ. கோட்டுக்கு உள்ளே, இன்று வெளியே. விதி ஒன்றுதான், விழுந்த இடம் வேறு. நம் நெடுஞ்சாலையிலும் டிவைடர் தொடங்கும் முனைதான் ஆளைச் சாய்க்கும். முன்னால் போகும் வண்டி மறைப்பதால் கண்ணில் படும்போது நேரம் கடந்திருக்கும். கூட்டத்தில் ஐம்பதாவதாக வருபவருக்குக் கொடி அசைப்பவரின் விசில் மட்டும்தான் துணை.

ஜூலை 12: ரோக்லிச் கிளம்பவில்லை.

ஜூலை 14, ஞாயிறு. ப்ளாட்டோ த பெய்.

15.8 கி.மீ., சராசரி 7.9 சதவீதம். போகச்சார் 40 நிமிடத்துக்குள் ஏறிவிட்டார். 1998இல் பந்தானிக்கு 43க்கு மேல் ஆனது.

வீட்டில் கணக்குப் போட: 15,800 × 0.079 = சுமார் 1,248 மீட்டர் உயரம். 40 நிமிடத்தில் என்றாலே மணிக்கு 1,872 மீட்டர். இவ்வளவு சாய்வில் காற்றின் தடை சிறுத்து, கிலோ ஒன்றுக்கு எத்தனை வாட் என்பதே வேகத்தைத் தீர்மானிக்கும். கிலோவுக்கு முன்னால் போகிறவரின் மூன்றில் இரண்டு பங்கு வாட்தான் தர முடிகிற கனத்த ஸ்பிரிண்டருக்கு இதே மேடு ஒரு மணி நேரம். ஒரே மேட்டில் 20 நிமிடம் போச்சு. ஒரே நாளில் இப்படி மூன்று நான்கு மேடு வந்தால்?

அதற்குத்தான் பஸ். பின்தங்கியவர்கள் சேர்ந்து போகும் கூட்டத்துக்கு இத்தாலியில் க்ரூப்பெட்டோ, பிரான்ஸில் ஆட்டோபஸ் என்று பெயர். ஒகேனக்கல் கடைசி பஸ் மாதிரி, அதை விட்டால் வேறு வண்டி இல்லை. மேட்டில் யாரும் தாக்கக் கூடாது, ஒரே சீரான மிதி. இழந்ததை மேட்டில் மீட்கப் பார்த்தால் இரண்டு மேட்டில் ஆள் தீர்ந்துவிடுவார். மீட்பதெல்லாம் இறக்கத்திலும் பள்ளத்தாக்குச் சாலையிலும். அங்கே முப்பது நாற்பது பேர் முறை வைத்துக் காற்றை உடைத்தால் முன்னால் போகும் ஐந்து பேரை விட வேகம். அனுபவசாலி ஒருவர் காரிடம் கேட்டுக் கேட்டு எத்தனை நிமிடம் மிச்சம் என்று கணக்கு வைத்திருப்பார்.

பெரிய பஸ்ஸில் இன்னொரு லாபம். ஏகப்பட்ட பேர் ஒன்றாகத் தாமதித்தால் நடுவர்கள் மன்னிக்கலாம். 2011இல் காலிபியே உச்சியில் முடிந்த ஸ்டேஜில் 88 பேர் வரம்பைத் தாண்டினார்கள், எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். தண்டனையாகப் பச்சை ஜெர்சிக் (ஸ்பிரிண்ட் புள்ளிகளில் முதலில் இருப்பவருக்கானது) கணக்கில் தலைக்கு 20 புள்ளி வெட்டு. அந்த 88இல் கேவண்டிஷும் உண்டு. அந்த ஆண்டுப் பச்சையையும் அவரே வாங்கினார்.

ஜூலை 16, செவ்வாய். நீம்.

பிலிப்சன். கிர்மாய் கடைசி ரவுண்டானாவில் விழுந்தார், ஆனாலும் பச்சை அவரிடமே.

ஒலிம்பிக்ஸால் இந்த ஆண்டு பாரிஸ் இல்லை, முடிவு நீஸில், அதுவும் தனிநபர் டைம் டிரையல், ஒவ்வொருவராகத் தனியே கடிகாரத்தோடு ஓட்டுவது. ஆகவே ஸ்பிரிண்டர்களுக்கு இன்றோடு வேலை முடிந்தது. இனி ஆல்ப்ஸ் மட்டும். கிர்மாய், பிலிப்சனுக்குப் பச்சை ஜெர்சிக் காரணம் இருக்கிறது. கேவண்டிஷுக்கு அதுவும் இல்லை. இனிதான் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 17, புதன். ஆடி 1.

சேலம், தருமபுரி வட்டாரம் முழுக்க இன்று தேங்காய் சுட்டிருப்பார்கள். கண்ணைக் குத்தித் தண்ணீரைக் கொஞ்சம் வடித்து, வெல்லம், அவல், பாசிப்பருப்பு, எள், பொட்டுக்கடலை திணித்து, அழிஞ்சில் குச்சியில் செருகி நெருப்பில் காட்டினால், ஓடு வெடிக்கும்போது உள்ளே பூரணம் வெந்திருக்கும். பந்தயக்காரர்களின் சட்டைப்பையில் இருப்பதும் கிட்டத்தட்ட இந்தச் சங்கதிதான், கொழுப்பை மட்டும் கழித்து: குழைய வேகவைத்த அரிசியில் சர்க்கரை கலந்து, கட்டியாக வெட்டி, ஃபாயிலில் மடித்தது.

இப்போது மணிக்கு 90 முதல் 120 கிராம் மாவுச்சத்து. 120 என்றால் ஐந்து வாழைப்பழம், ஒவ்வொரு மணிக்கும், ஐந்து மணி நேரம். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்குச் சுமார் 60 கிராமோடு நின்றுவிடும். ஃப்ரக்டோஸுக்கு வேறு வாசல், அதனால் இரண்டையும் 1 : 0.8 அளவில் கலக்கிறார்கள். பழக்கமில்லாத வயிற்றில் இதை ஊற்றினால் வீக்கமும் வயிற்றுப்போக்கும்தான். குளிர்காலம் முழுக்கக் குடலையும் சேர்த்துத்தான் பழக்குகிறார்கள்.

ஸ்டேஜ் கராபாஸுக்கு.

ஜூலை 19, வெள்ளி. ஐசோலா 2000.

போனெட் உச்சி 2,802 மீட்டர். போகச்சார் முன்னால் போன ஜோர்கன்சனைக் கடைசி 2 கி.மீ. வாக்கில் தாண்டிப் போனார். பஸ் வந்துவிட்டது.

ஜூலை 20, சனி. கூயோல்.

132.8 கி.மீ., நான்கு மேடு. நீளம் குறைவு என்பதால் எளிது என்று நினைக்க வேண்டாம். டைம் கட் சதவீதக் கணக்கு, வென்றவரின் நேரம் சுருங்கினால் வரம்பும் சுருங்கும். போகச்சார் எடுத்தது நான்கு மணிக்குச் சற்று மேல். தொடக்கத்திலிருந்தே மேடு, மீட்டெடுக்கச் சமவெளியும் கிடையாது. 2018இல் 108.5 கி.மீ. மட்டுமே இருந்த லா ரோசியேர் ஸ்டேஜ் கேவண்டிஷ், கிட்டல், ரென்ஷா மூவரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது.

செய்முறை: முதல் ஆள் கோட்டைத் தொட்டதும் செல்போனில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டுங்கள். படம் பேட்டிக்கும் மேடைக்கும் போய்விடும், கவலை வேண்டாம். பின்னால் வருபவர்களை இரண்டு மூன்று நொடி ஓரமாகக் காட்டுவார்கள். யார் எந்த அணிச் சட்டை என்று முன்பே தெரிந்திருந்தால்தான் பிடிக்க முடியும். அஸ்தானாவுக்கு வெளிர் நீலம்.

வெளிர் நீலம் வந்தது. உள்ளேதான்.

ஜூலை 21, ஞாயிறு. மொனாகோ – நீஸ், 33.7 கி.மீ.

டைம் டிரையலில் தரவரிசையின் கடைசி ஆள்தான் முதலில் கிளம்புவார். அதனால் இன்று பின்பக்கத்தைப் பார்க்கிறவர்கள் சீக்கிரம் உட்கார வேண்டும், முன்பக்கக்காரர்கள் வழக்கத்தைவிட நேரம் கழித்து. கேவண்டிஷ் முடித்துவிட்டார். போகச்சாருக்கு ஆறாவது ஸ்டேஜ். விங்கேகோர் 6 நிமிடம் 17 நொடி, எவனபோல் 9 நிமிடம் 18 நொடி பின்னால். ஒரே ஆண்டில் இத்தாலியின் ஜிரோ பந்தயமும் டூரும் வெல்வது 1998 பந்தானிக்குப் பிறகு இப்போதுதான். கிளம்பியவர்கள் 176, வந்து சேர்ந்தவர்கள் 141.

அடுத்தது ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டா, ஆகஸ்ட் 17, லிஸ்பன். முதல் மூன்று ஸ்டேஜ் போர்ச்சுகலில். அங்கே கூட்ட வேண்டியது நாலரை மணி, ஸ்பெயினுக்குள் வந்த பிறகு பழையபடி மூன்றரை.