பனிக்காலம் விலகும் முன் துங்கநாத்: குழந்தைகளோடு ஏறுவோருக்கு

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரத்துக்கு, அதாவது கேதார்நாத்துக்கு, போகும் நம்மவர்கள் பலர், அதே உத்தராகண்ட் மலைநாட்டில் இருக்கும் துங்கநாதரைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறார்கள். பஞ்ச கேதாரங்கள் எனப்படும் ஐந்து சிவத்தலங்களில் மூன்றாவது இது. ஈசனின் புஜங்கள் வெளிப்பட்ட தலம். சுமார் 3,680 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், ஊகிமட்டிலிருந்து 30 கிலோமீட்டர் காரில் போய் சோப்தாவில் இறங்கினால் நடை சுமார் 4 கிலோமீட்டர்தான். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காலையில் ஏறி மதியத்துக்குள் இறங்கிவிடலாம்.

முதலில் தேதியை யோசியுங்கள். மார்ச், ஏப்ரலில் பனியும் இருக்கும், காடு முழுக்க புராஞ்ச் என்ற சிவப்பு ரோடோடென்ட்ரான் பூவும் இருக்கும். ஆனால் சந்நிதி சாத்தியிருக்கும். உற்சவர் அப்போது மக்குமட் கிராமத்தில் எழுந்தருளியிருப்பார். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் பைசாகி அன்றுதான் நடை திறக்கும் நாளை அறிவிப்பார்கள். பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே முதல் பாதியிலோ அமையும். அதற்கு முன் போகிறவர்கள் மக்குமட்டில் தரிசனம் செய்துவிட்டு, மேலே சாத்திய கதவின் முன் கும்பிட்டு வரலாம். அதிலும் ஒரு நிறைவு உண்டு. தெரியாமல் ஏறி, அங்கே போய்ப் பெரியவர்கள் மனம் வாடும்படி செய்யாதீர்கள்.

ரிஷிகேஷிலிருந்து ஒரே நாளில் வந்து மறுநாள் விடியலில் ஏறுவது சரியல்ல. பக்கத்துக் கிராமமான சாரியிலோ சோப்தாவிலோ ஒரு நாள் தங்கி, உடம்பு உயரத்துக்குப் பழகட்டும். சின்னக் குழந்தைக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. சாப்பாட்டைத் தள்ளினால், விளையாடாமல் சுருண்டு படுத்தால், வாந்தி எடுத்தால் மேலே போகவே வேண்டாம்; உடனே கீழே இறக்குங்கள். மாத்திரை கொடுத்துச் சமாளித்து ஏற்றுவது ஆபத்து.

பொழுது புலரும்போது கிளம்பிவிடுங்கள். இரவில் பனி இறுகியிருப்பதால் காலையில் ஆள் எடையைத் தாங்கும். வெயில் ஏற ஏற இளகி, முழங்கால் வரை உள்ளே போகும். ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடுங்கி எடுத்தே பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். மதியத்துக்கு மேல் மேகம் கூடிவிட்டால் வழியும் தெரியாது. ஆனால் அந்த இறுகிய பனிதான் வழுக்கவும் செய்யும். அதனால் ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல் சங்கிலியை வாடகைக்கு எடுங்கள். வாங்கும் இடத்திலேயே பிள்ளைகளுக்கு மாட்டி, பத்தடி நடக்கவிட்டுப் பாருங்கள். பெரியவர் அளவு சின்ன ஷூவில் நிற்காது, சரிவில் கழன்று விழும்.

ஜீன்ஸும் பருத்தி சாக்ஸும் வேண்டாம். நனைந்தால் காயாது, விரல் மரத்துப்போகும். கம்பளி சாக்ஸ் ஆளுக்கு இரண்டு ஜோடி, ஒன்று பையில் பத்திரமாக இருக்கட்டும். கோயிலில் செருப்பில்லாமல் கல்தரையில் நிற்கும்போது குளிர் எலும்பு வரை ஏறும். தரிசனம் முடிந்ததும் பாதத்தைத் துடைத்து அந்த உலர்ந்த ஜோடியைப் போட்டுவிடுங்கள். பனியில் பட்டு வரும் வெளிச்சம் கண்ணைச் சுடும், கறுப்புக் கண்ணாடி குழந்தைக்கும் வேண்டும்.

கோயில் சிறியது, கருங்கல் கட்டு. வாசலில் ஈசனைப் பார்த்தபடி நந்தி. கேதார்நாத்தில் பூஜை செய்பவர்கள் கர்நாடகத்து வீரசைவ மரபினர். இங்கே மக்கு கிராமத்து அந்தணர்களே பரம்பரையாகப் பூஜை செய்கிறார்கள். கர்ப்பகிருஹத்தில் சிலர்தான் நிற்க முடியும். முறை வரும்வரை குழந்தைகளைக் காற்று படாத சுவரோரம் நிறுத்துங்கள்.

அங்கிருந்து சந்திரசிலா ஒன்றரை கிலோமீட்டர். ராவண வதத்துக்குப் பின் ராமபிரான் தவமிருந்த சிகரம் என்பார்கள். வானம் தெளிந்திருந்தால் சௌகம்பா, நந்தா தேவி, திரிசூல் எல்லாம் கண்ணெதிரே நிற்கும். ஆனால் கோயில் வரை வந்த கல்பாதை போல அல்ல இது. பனி மூடினால் தடமே தெரியாத சரிவு. வளைந்து போகும் வழியை விட்டு நேராக ஏறப் பார்ப்பவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பனி கணுக்காலுக்கு மேல் இருந்து, கூட வழிகாட்டியும் இல்லையென்றால், குழந்தைகளோடு வந்தவர்கள் கோயிலோடு திரும்புவதே நல்லது. துங்கநாதரைத் தரிசித்தாலே யாத்திரை பூர்த்தி.

இறங்கும்போது குதிகாலை முதலில் அழுத்தி ஊன்றுங்கள். கைத்தடியைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள். உட்கார்ந்து சறுக்க ஆசைப்படும் பிள்ளைகளை விடாதீர்கள். பனிக்கு அடியில் பாறை இருப்பது மேலிருந்து தெரியாது.